முகமும் கருவியும்: கேதே கொல்விற்ஸின் உருவச் சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலையைப் பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் நம்மிடையே இரு சாரார் எதிரெதிரே நிற்கக் காண்கின்றோம். பொருள் சிறந்ததாயின் போதும், அதனைச் சொல்லும் முறை தானே வந்து பொருந்தும் என்பர் ஒரு சாரார். முறையே கலை, பொருள் அதனை மாட்டி வைக்கும் ஆணி மாத்திரமே என்பர் மற்றைய சாரார். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் தம்மையறியாமலே உடன்படுகின்றனர். கைப்பயிற்சியும் அதற்குரிய கருவிகளும் சமுதாயத்துக்குப் புறம்பானவை என்பதே அவ்வுடன்பாடு. முன்னவர் அவற்றைப் புறக்கணிக்கின்றனர். பின்னவர் அவற்றைப் பூசிக்கின்றனர். இரண்டும் தவறு என்பது இக்கட்டுரையின் துணிபு. அதனை நிறுவுவதற்குப் பெரிய காவியங்களையோ மாளிகைச் சுவரோவியங்களையோ நாடவேண்டியதில்லை. கலைத்தொழில்களுள் மிக எளியதும், மாணவன் முதல் மேதை வரை யாவருக்கும் பொதுவானதுமாகிய ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொப்பியொன்றில் மனித முகத்தை மீண்டும் மீண்டும் வரைந்து பழகுதலே அது.

மனித முகத்தை வரையும் கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் யாருடைய முகம் வரையப்பட்டது என்ற வினாவை எழுப்பினால் அவ்வரலாறு குறுகிவிடும். ஐரோப்பாவில் உருவப்படம் என்பது பெரும்பாலும் கூலி கொடுத்து எழுதுவிக்கப்பட்ட பொருள். அரசனும் பிரபுவும் மதகுருவும், பின்னர் பெருவணிகனும், தத்தம் முகங்களை விலைகொடுத்து நிலைநிறுத்திக்கொண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் எட்டாம் ஹென்றியின் அரசவையினரை ஹொல்பைன் நிறச்சோக்குகளால் வரைந்த சித்திரங்கள் எண்பதளவில் இன்றும் வின்சர் அரண்மனையில் உள்ளன. அவற்றின் நுட்பம் எவரையும் வியக்கவைக்கும். எனினும் அம்முகங்கள் அங்கு இடம்பெற்றமைக்குக் காரணம் அவற்றை உடையோரின் பதவியே என்பதை நாம் மறத்தலாகாது.

கூலி கொடுக்க இயலாதவனுடைய முகம் கலைக்குள் நுழைந்த வழி வேறு. அது ஓவியனின் கைக்கொப்பி. லியனாடோ டாவின்சி, ஓவியன் எப்பொழுதும் சிறு கொப்பியொன்றைத் தன்னுடன் கொண்டு திரியவேண்டும் என்றும், தெருவிலே பேசுவோரும் சண்டையிடுவோரும் சிரிப்போரும் நிற்கும் நிலைகளை அதில் விரைந்து குறித்துக்கொள்ளவேண்டும் என்றும் அறிவுரை கூறினார். வரைந்ததை அழிக்க முடியாதபடி அதன் தாள்கள் நிறம் பூசப்பட்டிருத்தல் வேண்டும் என்பது அவர் கூறிய மற்றுமொரு விதி. இவ்விதி ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. அழிக்க முடியாத தாளில் வரைபவன் பிழையை மறைக்க முடியாது. மறுபடியும் பார்த்து மறுபடியும் வரைதலே அவனுக்குள்ள ஒரே வழி. றெம்பிராண்ட் பிச்சைக்காரரையும் தம் முகத்தையும் சிறு தகடுகளில் ஓயாது கீறிப் பழகியமையும் இவ்வழி வந்ததே. விற்பனைப் படத்திலே இடம்பெறாத மனிதன் பயிற்சிக் கொப்பியில் இடம்பெற்றான். பயிற்சி சமுதாயத்துக்குப் புறம்பானதன்று என்பதற்கு இதுவே முதற்சான்று.

இவ்வுண்மையை வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்த கலைஞராக ஜேர்மனியைச் சேர்ந்த கேதே கொல்விற்ஸைக் குறிப்பிடலாம். 1867ஆம் ஆண்டு கோனிக்ஸ்பேர்க் நகரிலே பிறந்தவர் அவர். தந்தையார் சட்டம் கற்றும் அத்தொழிலை விடுத்துக் கட்டடத்தொழிலை மேற்கொண்ட சோசலிசவாதி. மகளிர்க்குக் கலைக்கழகக் கதவுகள் அடைபட்டிருந்த அக்காலத்தில், தம் மகளின் ஆற்றலைக் கண்டு சிறுவயதிலேயே சித்திரம் கற்பிக்க ஒழுங்குசெய்தவர் அவரே. பின்னர் பேர்லினிலும் மியூனிக்கிலும் பெண்களுக்கான கலைப்பள்ளிகளிலே கேதே பயின்றார். 1891இல் கார்ள் கொல்விற்ஸ் என்ற வைத்தியரை மணந்து, பேர்லினின் வடபகுதியிலே தொழிலாளர் வாழும் பகுதியில் குடியேறினார். கணவரின் வைத்தியசாலைக்கு வந்த தொழிலாளர் மனைவியரே அவருடைய கொப்பிகளில் இடம்பெற்ற மனிதர் ஆயினர். ஐம்பது ஆண்டுகள் அவ்வீட்டிலேயே அவர் வாழ்ந்தார்.

அவர் வண்ண ஓவியத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளைக் கலைகளைத் தேர்ந்தமைக்குப் பின்னணியில் ஒரு கொள்கை இருந்தது. மக்ஸ் கிளிங்கர் என்ற ஓவியர் 1891இல் வெளியிட்ட சிறு நூலொன்றில், வண்ண ஓவியம் உலகின் எழிலைப் போற்றுதற்குரியது என்றும், வாழ்வின் இருண்ட பக்கத்தையும் கண்டனத்தையும் வெளியிடுதற்கு உரியது கோட்டுச் சித்திரமே என்றும் வாதிட்டார். இக்கொள்கையை முழுமையாக நாம் ஏற்கவேண்டியதில்லை. வண்ணத்தாலும் கண்டனம் செய்யலாம் என்பதற்கு மெக்சிக்கோவின் சுவரோவியங்கள் சாட்சி. ஆயினும் கொல்விற்ஸுக்கு அது வழிகாட்டியது. அச்சுச் சித்திரம் பல பிரதிகளாகப் பரவக்கூடியது. செல்வனின் ஒரு சுவரிலே சிறைப்படாதது. ஆகவே கருவியைத் தேர்ந்தபோதே தம்மைப் பார்ப்போர் யார் என்பதையும் அவர் தேர்ந்துவிட்டார் எனலாம்.

1893இல் ஹௌப்ற்மனின் ‘நெசவாளர்’ நாடகத்தை அவர் கண்டார். 1844இல் சிலேசியாவிலே நெசவாளர் நடத்திய எழுச்சியைப் பொருளாகக் கொண்டது அந்நாடகம். அதனால் உந்தப்பட்டு ஆறு தாள்கள் கொண்ட தொடரொன்றை 1897 வரை உழைத்து முடித்தார். அத்தொடரில் முதல் மூன்றும் கல்லச்சுகள். பின்னைய மூன்றும் செப்புத்தகட்டை அமிலத்தால் அரித்துச் செய்தவை. ஒரே தொடரில் இரு முறைகள் ஏன்? முதல் மூன்றையும் தகட்டிலே செய்தற்குத் தம் கைத்திறன் அப்பொழுது போதவில்லை என்பதே காரணம். திறமைக் குறைவை அவர் பொருளின் பெருமையால் மூட முயலவில்லை. தமக்குக் கைவந்த கல்லச்சில் அப்பகுதியைச் செய்து முடித்துத் தகட்டு வேலையில் மேலும் பழகினார். 1898இல் பேர்லின் பெருங்கண்காட்சியிலே நடுவர் குழு இத்தொடருக்குப் பொற்பதக்கம் வழங்க விதந்துரைத்தது; பேரரசர் அதனை மறுத்தார். கைத்திறனிலே குறை கண்டல்ல, பொருளைக் கண்டே அரசு அஞ்சியது. ஆனால் கைத்திறன் குறைந்திருப்பின் அஞ்சவேண்டிய தேவையும் எழுந்திராது.

இனி, ஒவ்வொரு கருவியும் முகத்தை என்ன செய்கிறது என்பதை நோக்குவோம். பென்சில் மெல்லியது, தயங்கலாம், திருத்தலாம், இமையின் ஓரத்தையும் உதட்டின் மடிப்பையும் சிறிது சிறிதாக அணுகலாம். தயக்கத்துக்கு இடந்தருவதால் அது போலி மென்மைக்கும் இடந்தரும். விரலால் தேய்த்து மினுக்கிய கன்னங்கள் அதன் கேடு. பேனாவும் மையும் தயக்கத்தைப் பொறா. இட்ட கோடு இட்டதே. ஆகவே முடிவெடுத்தபின்பே கை அசையவேண்டும். கரித்துண்டு இவ்விரண்டிலும் வேறானது. அதன் முனை கோடு தரும். பக்கவாட்டில் கிடத்தி இழுத்தால் அகன்ற நிழல் ஒரே வீச்சில் விழும். முகத்தின் புள்ளிகளை அன்றி அதன் திணிவை, எலும்பின் பாரத்தை, குழிந்த கன்னத்தின் இருளை அது முதலில் காட்டும். 1908க்கும் 1911க்கும் இடையில் ‘சிம்ப்ளிசிஸிமுஸ்’ என்ற ஏட்டுக்கு அவர் வரைந்த பேர்லின் ஏழைகளின் சித்திரங்களிலே கரியின் இந்த ஆற்றலைக் காணலாம். மரச்செதுக்கோ நடுநிறங்களை அறவே மறுப்பது. வெட்டிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. முகத்திலே எது இன்றியமையாதது என்பதை அறியாதவன் கையில் உளி எடுத்தல் இயலாது.

கருவிகள் இவ்வாறு வேறுபடுவதால், ஒரே முகத்தைப் பல கருவிகளால் வரைந்து பழகுதல் வெறும் பொழுதுபோக்கன்று. ஒவ்வொரு கருவியும் அம்முகத்தைப் பற்றி வேறொரு வினாவை எழுப்புகின்றது. அதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு கார்ள் லீப்னெக்ட்டின் நினைவுச் சித்திரம். 1919 ஜனவரி 15ஆம் நாள் லீப்னெக்ட்டும் றோசா லக்சம்பேர்க்கும் படுகொலை செய்யப்பட்டனர். லீப்னெக்ட்டின் குடும்பத்தார் வேண்டியபடி, அடக்கம் நிகழ்ந்த 25ஆம் நாட்காலை பிணவறைக்குச் சென்று கொல்விற்ஸ் அவர் முகத்தை வரைந்தார். அச்சித்திரங்களை அடிப்படையாக வைத்து, அஞ்சலி செலுத்தும் தொழிலாளரையும் சேர்த்து ஒரு தாள் அமைக்க முயன்றார். முதலிலே செப்புத்தகட்டிற் செய்தார், நிறைவு பிறக்கவில்லை. கல்லச்சிற் செய்தார், அதுவும் ஒப்பவில்லை. 1920ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஏர்ன்ஸ்ற் பார்லாக்கின் மரச்செதுக்குகளைக் கண்டபோது வழி புலப்பட்டது. ஐம்பத்து மூன்று வயதிலே, அதுவரை கையாளாத கருவியை மாணவியைப் போலக் கற்கத் தொடங்கினார். அவ்வாண்டிலேயே அம்மரச்செதுக்கு முடிந்தது.

அச்சித்திரத்தைச் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். இறந்தவரின் உடல் தாளின் கீழ்ப்பகுதியிலே நீளக் கிடக்கின்றது. வெண்துணி போர்த்த அதன் ஒளி மேலே குனிந்த முகங்களிற் படுகின்றது. ஒரு தொழிலாளி முதுகு வளைந்து, தன் பெரிய கையை அவர் மார்பின்மீது வைத்திருக்கின்றான். பின்னால் ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக் காட்டுகின்றாள். பிணவறையிலே நுணுக்கமாகக் குறித்த இறந்த தலைவரின் முகம் இங்கு சில வெட்டுகளாகச் சுருங்கிவிட்டது. அதற்கு ஈடாகப் பெயரறியாத தொழிலாளரின் முகங்கள் படத்தை நிறைத்துவிட்டன. கீழே பொறித்த வாசகம், இது உயிரோடிருப்போர் இறந்தவருக்குச் செலுத்துவது என்று உணர்த்துகின்றது. தலைவனின் உருவப்படமாகத் தொடங்கியது, அவனை இழந்த வர்க்கத்தின் உருவப்படமாக முடிந்தது. இம்மாற்றம் கருவியின் மாற்றத்தோடு வந்தது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. நடுநிறங்களை மறுத்த மரம், தனிமனிதச் சாயலின் நுணுக்கத்தையும் குறைத்தது. கூட்டத்தின் துயரை முதன்மைப்படுத்தியது. கொல்விற்ஸ் லீப்னெக்ட்டின் கட்சியைச் சேர்ந்தவரல்லர். அதன்பொருட்டு அவரைக் குறைகூறியோரும் இருந்தனர். தொழிலாளர் தம் தலைவனுக்கு விடைகொடுத்ததைக் கலைஞர் என்ற முறையில் வரையும் உரிமை தமக்கு உண்டென்று அவர் நாட்குறிப்பிலே எழுதிவைத்தார். அந்த உரிமையை அவருக்கு அளித்தது கட்சி அட்டையன்று. பிணவறையிலே தொடங்கி ஓராண்டுக்குமேல் நீண்ட உழைப்பே.

பிறர் முகத்தை வரையும் உரிமையைப் பெறுவதற்குத் தம் முகத்தையே அவர் பயிற்சிக்களமாக்கினார். ஏறக்குறைய நூறு தன்னுருவச் சித்திரங்களை அவர் ஆக்கினார். இருபத்தொரு, இருபத்திரண்டு வயதிலே மையால் வரைந்த சிரிக்கும் முகம், 1910இல் நெற்றியிற் கைவைத்த நிலையிற் செய்த செப்புத்தகட்டு முகம், 1923இல் மரத்திற் செதுக்கிய முகம், 1938இற் செய்த பக்கத்தோற்றக் கல்லச்சு என அவை நீள்கின்றன. இது தற்பெருமை என எண்ணுவோர் அப்படங்களைக் கண்டிரார். அவற்றுள் ஒன்றிலேனும் அவர் தம்மை அழகுபடுத்தவில்லை. கூலியின்றி எந்நேரமும் அமர்ந்திருக்கக்கூடியதும், மூப்பை மறைக்குமாறு வேண்டாததுமான முகம் ஓவியனுக்குத் தன் முகம் ஒன்றே. தன்னிடத்தில் இரக்கமின்றி நோக்கப் பழகியவரே பிறரை இரக்கத்தோடு, ஆனால் பொய்யின்றி, நோக்க வல்லவர்.

1933ஆம் ஆண்டுச் சித்திரமொன்று இவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது. இன்று அது வாஷிங்டன் தேசிய கலைக்கூடத்திலே உள்ளது. பக்கத்தோற்றத்தில் முதிய கொல்விற்ஸ் சட்டத்தின்முன் அமர்ந்து, கரித்துண்டு பிடித்த கையை நீட்டி வரைந்துகொண்டிருக்கின்றார். தலையும் கையும் கவனமாக வரையப்பட்டுள்ளன. அவற்றை இணைக்கும் புயமோ, கரித்துண்டின் பக்கவாட்டால் மேலும் கீழும் வெட்டியிழுத்த சில முரட்டு வீச்சுகளாக மாத்திரமே உள்ளது. கண்ணிலிருந்து கைக்குப் பாயும் விசையே அங்கு புயமாகிவிட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டு அது. 1919இல் புருசியக் கலைக்கழகத்துக்குத் தெரிவான முதற்பெண் என்ற பெருமை பெற்ற அவரை, தொழிலாளர் கட்சிகள் பாசிசத்துக்கெதிராக ஒன்றுபடவேண்டும் என்ற அறிக்கையிற் கையொப்பமிட்டமைக்காக அக்கழகத்திலிருந்து விலகச் செய்ததும் அவ்வாண்டே. கண்காட்சிகள் மறுக்கப்பட்டன, இரகசியப் பொலிசார் 1936இல் விசாரித்து அச்சுறுத்தினர். முதலாம் உலகப்போரில் 1914இல் மகனையும், இரண்டாம் உலகப்போரில் 1942இல் பேரனையும் இழந்து, 1943இல் குண்டுவீச்சில் வீட்டையும் இழந்து, போர் முடிவதற்குச் சில நாட்களுக்கு முன் 1945 ஏப்ரல் 22இல் அவர் மறைந்தார்.

அவர் கலை ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. சீனத்தில் எழுத்தாளர் லூ சுன் 1931இலேயே அவரை அறிமுகப்படுத்தி, 1936இல் அவர் சித்திரங்களின் தொகுதியொன்றையும் வெளியிட்டார்; சீனத்தின் புதிய மரச்செதுக்கு இயக்கம் அதனால் வலுப்பெற்றது. நமக்கு அண்மையிலே, வங்கத்தில் 1943இற் பஞ்சம் வந்தபோது முப்பது இலட்சம் மக்கள் வரை மாண்டனர் எனக் கணிப்பர். சைனுல் ஆபிதீன் மலிவான பொதி கட்டும் தாளில் கருமையும் தூரிகையும் கொண்டு கல்கத்தாத் தெருவிலே கிடந்தவரை வரைந்தார். உலர்ந்த தூரிகையின் முரட்டுக் கோடே அங்கு உலர்ந்த உடலாயிற்று. சித்தப்பிரசாத் மிட்னாபூர் மாவட்டத்திலே அலைந்து கண்டோரை வரைந்து, ‘பசித்த வங்கம்’ என்ற சிறுநூலாக வெளியிட்டார். பிரித்தானிய ஆட்சி அதனைப் பறித்து எரித்தது. 1946இல் சோமநாத் ஹோர் ரங்கபூருக்குச் சென்று, விளைச்சலில் மூன்றில் இரு பங்கு கோரிய தெபாகா உழவரின் முகங்களை நாட்குறிப்போடு சேர்த்து வரைந்துவைத்தார். கொல்விற்ஸைத் தமக்கு ஆதர்சமாகக் கொண்டவர் அவர். இவர்களுக்கு அமர்ந்து வரையப் பட்டறை இருக்கவில்லை. நல்ல தாள் இருக்கவில்லை. எனினும் பழகிய கை இருந்தது. அந்தக் கை முன்னரே பழகியிராவிடின், பஞ்சம் அவர்களுக்காகக் காத்திருந்திராது.

கொல்விற்ஸின் கலையிலே குறை காண்போரும் உளர். தொழிலாளர் அவர் படங்களில் துன்புறுவோராக, அழுவோராகவே வருகின்றனர். ஆக்குவோராக, வெல்வோராக வருவதில்லை என்பது அவர்கள் கூற்று. இதனை முற்றாக மறுத்தல் நேர்மையன்று. ‘உழவர் போர்’ தொடரிலே கூட்டத்தை முன்னே ஏவும் பெண்ணின் முதுகை மறந்துவிட்டால், அவர் படைப்பிற் பெரும்பகுதி இழவின் கலையே. ஆயின் அவர் தொடங்கிய இடம் இரக்கமன்று. தொழிலாளரின் அசைவிலும் உருவிலும் தாம் அழகைக் கண்டமையாலேயே அவர்களை வரையத் தொடங்கினார் என்றும், அவர்களது வாழ்வின் கொடுமை கணவரின் நோயாளர் வாயிலாகப் பின்னரே தமக்குப் புரிந்தது என்றும் அவர் கூறியிருக்கின்றார். இது சிலருக்கு ஏமாற்றமளிக்கலாம். எனக்கோ இதுவே அவருடைய வாய்மைக்கு உரைகல்லாகத் தோன்றுகின்றது. இரங்கத்தக்கவன் என முன்கூட்டியே முடிவுசெய்து ஒருவனை நோக்குபவன் அவனது முகத்தைக் காண்பதில்லை. தன் இரக்கத்தையே காண்கின்றான். 1903இல் நீலச் சால்வை போர்த்த தொழிலாளப் பெண்ணொருத்தியைக் கொல்விற்ஸ் வண்ணக் கல்லச்சில் ஆக்கினார். அப்பெண் எதனையும் இரந்து நிற்கவில்லை. அவள் இருக்கின்றாள், அவ்வளவே. அந்த இருப்பின் கண்ணியத்தை எந்தச் சுலோகமும் தந்திராது.

இவ்வளவும் கூறியது நம் பாடசாலைகளுக்கும் நம் எழுத்தாளருக்கும் ஒன்றைச் சொல்வதற்காகவே. நம் மாணவர் முகம் வரையக் கற்பது பெரும்பாலும் புகைப்படத்திலிருந்தே. தலைவரின் படமோ நடிகரின் படமோ கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுக் கொப்பிக்கு மாற்றப்படுகின்றது. பின்னர் பென்சிற் பொடி விரலால் தேய்க்கப்பட்டு மினுக்கப்படுகின்றது. பரிசும் அதற்கே கிடைக்கின்றது. அடுத்த வாங்கில் இருக்கும் தோழனின் முகத்தையோ, அடுப்படியில் இருக்கும் தாயின் முகத்தையோ வரைந்தவன் பிழையாக வரைந்துவிட்டான் எனத் தட்டிக்கழிக்கப்படுகின்றான். புகழ்பெற்றோரின் முகமே வரையத்தக்க முகம் என்ற பாடம் இவ்வாறு, ஒருவரும் வாய்திறந்து சொல்லாமலே, கற்பிக்கப்பட்டுவிடுகின்றது. அரசவை உருவப்படத்தின் பழைய விதியே இங்கு வேறு வேடத்தில் நிற்கின்றது.

இதனை மாற்றுவதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மலிவான கொப்பி ஒன்று, எழுதும் பேனா, அடுப்பிலே அவிந்த கரித்துண்டு ஆகியவை எந்த வீட்டிலும் உண்டு. அழிறப்பரைச் சில வாரங்களுக்கு ஒளித்துவைப்போம். ஒரே முகத்தை இன்று பென்சிலாலும் நாளை பேனாவாலும் மறுநாள் கரியாலும் மாணவன் வரையட்டும். பென்சிலில் மறைத்த பிழையைப் பேனா காட்டிக்கொடுக்கும். பேனாவிற் சிதறிய உறுப்புகளைக் கரி ஒன்றாகக் கட்டும். மூன்றாவது நாளில் அம்முகத்தைப் பற்றி அவன் முன்னர் அறியாத ஒன்றை அறிந்திருப்பான். நெடுநேரம் ஒருவரை உற்றுநோக்கியவனுக்கு அவரை ஒரு சாதியாக, ஒரு தொழிலாக, ஓர் இனமாக மாத்திரம் கண்டு விலகிவிடுதல் எளிதாயிராது. சித்திர வகுப்பின் சமுதாயப் பயன் என்று ஒன்று உண்டாயின், அது இதுவே.

எழுத்தாளருக்கும் இதிலே படிப்பினை உண்டு. உழைப்பாளியைப் பற்றிக் கதை எழுதினாலே போதும், அது முற்போக்கு இலக்கியமாகிவிடும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் அழிந்தபாடில்லை. நம் கதைகளிலே வரும் உழைப்பாளர் பலருக்குக் கைகள் உண்டு, கொடி உண்டு, முகம் இல்லை. பொருள் சரியானதென்ற துணிவு, பார்த்துப் பழகவேண்டிய கடமையிலிருந்து நம்மை விடுவிக்கின்றது என நினைத்துவிடுகின்றோம். அது விடுவிப்பதில்லை, மேலும் இறுகப் பிணிக்கின்றது. செல்வனின் முகத்தைப் பிழையாக வரைந்தால் அவன் வேறோர் ஓவியனை அமர்த்திக்கொள்வான். ஏழையின் முகத்தைப் பிழையாக வரைந்தால் அதனைத் திருத்த அவனுக்கு வேறு வழியில்லை. ஆகையால் பயிற்சியில் மிகுந்த கண்டிப்பு யாருக்கு வேண்டுமெனில், மக்கள் பக்கம் நிற்கின்றோம் என்று சொல்லிக்கொள்ளும் நமக்கே வேண்டும்.